தேவகியின் மேஜையில் நின்ற உடுக்கை

என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்வார்கள். போன வாரம் ஒருவன் கேட்டான், "சார், உங்களை அம்புக்குறி டாக்டர்னு சொல்வாங்களாமே. அம்புக்குறிக்கு அப்படி இன்னா சார் வியாதி வரும்?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் காலத்தில் எல்லாமே விரல்தான். தொட்டால் திறக்கிறது, தேய்த்தால் நகர்கிறது. திரையில் ஒரு சின்ன அம்புக்குறி மேய்ந்துகொண்டிருந்தது, மேயப் போன இடத்தில் சிக்கிக்கொண்டது, அதை மீட்க ஒருவன் மொபெட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான் என்றால் அவன் சிரிக்கத்தான் செய்வான். அந்த ஒருவன் நான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ஜாபர். பேகோபுரத் தெருவில் என் அப்பாவுக்குக் குடையும் டார்ச் லைட்டும் ரிப்பேர் செய்யும் கடை. மகனாவது கொஞ்சம் பெரிய சாமானை ரிப்பேர் செய்யட்டும் என்று 1989இல் என்னைச் சென்னைக்குக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினார். படித்த காலத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது, மீதி நாள் வாத்தியார் இருக்க மாட்டார். மௌஸ் என்ற ஒன்றை எங்களுக்குக் கண்ணாடி பீரோவுக்குள் வைத்துக் காட்டினார்கள். தொட அனுமதி இல்லை. சான்றிதழோடு ஊருக்குத் திரும்பி, திருமஞ்சன கோபுரத் தெருவில் பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்த ராஜமாணிக்கம் சாரிடம் சேர்ந்தேன். அவர் புரோகிராம் எழுதுவார். நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். ஓடாவிட்டால் திட்டு வாங்கிக்கொண்டும் வருவேன்.

ராஜமாணிக்கம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவர். அவர் விட்டாரே தவிர விரல்கள் விடவில்லை. பேசும்போது மேஜையில் தட்டுவார், யோசிக்கும்போது தொடையில் தட்டுவார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஷிப்ட் விசையில் தட்டுவார். ஷிப்ட்டைத் தட்டினால் திரையில் எழுத்து எதுவும் விழாது, அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. மௌஸ் அவருக்குப் பிடிக்காது. "கை கீபோர்டை விட்டு எழுந்து போச்சுனா, திரும்பி வர்றதுக்குள்ள புத்தி மாறிடும்" என்பார். மௌஸைத் தொட வேண்டிய இடத்தில் என்னைக் கூப்பிடுவார்.

ஆனால் தொழில் சொல்லிக்கொடுத்தது அவர்தான். முதல் நாளே சொன்னார். "போனவுடனே மெஷின்ல கை வெக்காத. காபி குடுப்பாங்க. அதைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பின்னாடி உக்காந்து, அவங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னு பாரு. கஸ்டமர் பொய் சொல்ல மாட்டான். ஆனா அவன் சொல்ற மாதிரி எதுவும் நடந்திருக்காது." கடைசி வரைக்கும் இதை மிஞ்சின ஒரு பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

மௌஸ் எங்கள் ஊருக்கு வந்தபோது அதற்கும் நம் ஆட்கள் மற்ற எல்லாவற்றுக்கும் செய்ததைத்தான் செய்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் என் மொபெட்டுக்கு ஓய்வே இருக்காது. சந்தனமும் குங்குமமும் மேலே வைத்தால் பரவாயில்லை. எலி வாகனம் ஆயிற்றே என்று புரட்டிப் போட்டு அடியில் இருக்கும் உருண்டைக்கும் வைத்திருப்பார்கள். சந்தனம் உள்ளே காய்ந்து அம்புக்குறி மேலும் கீழும் மட்டும் போகும், பக்கவாட்டில் ஒரு அங்குலம் நகராது. உருண்டையைக் கழற்றிச் சுரண்டினால் கமகமவென்று வாசனை வரும். நான் வீட்டுக்குப் போனால், எந்தக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.

இன்னொன்று, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த முனிரத்தினம். "வலது பக்கம் தள்னா இடது பக்கம் ஓடுது பாய். மேல தள்னா கீழ வருது. எம் புள்ளைங்களே தேவலாம்" என்று ஆள் அனுப்பினார். போனேன். சார் சொன்னபடி காபியை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பாதி டம்ளரிலேயே தெரிந்துவிட்டது. மனிதர் மௌஸைத் திருப்பிப் பிடித்திருந்தார். வயர் அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு போனது. ஏன் இப்படி என்றேன்.

"நான் தெக்கால பாத்து உக்காந்திருக்கேன். ஒயருதானே எலிக்கு வாலு. வாலு தெக்கால போச்சுனா தலை எந்தப் பக்கம்?"

"வடக்க."

"வடக்க தலை வெச்சா வெளங்குமா பாய்? நானே படுக்க மாட்டேன், அதைப் படுக்க வெக்கச் சொல்றியா?"

நான் வாதாடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு மேஜையையே வடக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். இப்போது வால் வடக்கே, தலை தெற்கே. மௌஸை நேராகப் பிடித்தார், அம்புக்குறியும் நேராக ஓடியது. வடக்குப் பார்த்து உட்கார்ந்ததில் வியாபாரமும் ஜாஸ்தி ஆனதாகப் பின்னால் சொன்னார். ராஜமாணிக்கம் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் விரல்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்படி அவை நின்றதை நான் பார்த்தது சொற்பம்.

இந்த இரண்டையும் எதற்குச் சொன்னேன் என்றால், எனக்கு அந்தச் சமயத்தில் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அம்புக்குறி சம்பந்தமாக நமக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சரோஜா அம்மா போன் செய்தார்.

சரோஜா அம்மா சன்னதித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் திருமணத் தகவல் நிலையம் நடத்தினார். யாரைப் பார்த்தாலும் முதலில் நட்சத்திரம் கேட்பார், அப்புறம்தான் பெயர். என்னிடமும் கேட்டார். எங்களில் அதெல்லாம் பார்க்கிற வழக்கம் இல்லை அம்மா என்றேன். "அப்ப புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு எதைத்தான் காரணம் சொல்வீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அவருக்கு ராஜமாணிக்கம் சார் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார். சாரின் வாழ்நாள் பெருமை அது. பெண்ணின் ஜாதக விவரத்தைக் கொடுத்துப் பட்டனை அழுத்தினால், பதிவு செய்திருக்கும் மாப்பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் பத்துப் பொருத்தமும் பார்த்து, தேறியவர்களை வரிசையாகக் காட்டும். பார்த்து முடிக்கும் வரை அம்புக்குறி மறைந்து, அந்த இடத்தில் ஒரு மணற்கடிகாரம் வந்து நிற்கும். பொறு என்று அர்த்தம். வேலை நடக்கும்போது அதற்குள் மணல் இறங்கும், வேலை நின்றால் அதுவும் நின்றுவிடும். எங்கள் ஊரில் யாரும் மணற்கடிகாரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மேலும் கீழும் அகன்று நடுவில் இடுப்பு ஒடுங்கிய சாமான் எங்களுக்கு ஒன்றுதான். ஆகவே எல்லாரும் அதை உடுக்கை என்றார்கள்.

"பாய், வேலு உக்காந்தா உடுக்கை வருது, போகுது. தேவகி உக்காந்தா வர்ற உடுக்கை போகவே மாட்டேங்குது" என்றார் சரோஜா அம்மா, தன்னிடம் வேலை பார்த்த இரண்டு பேரைப் பற்றி. "மெஷினை மாத்தி உக்கார வெச்சும் பாத்துட்டேன். அவ எங்க உக்காந்தாலும் அங்க நிக்குது. மெஷின் இல்ல, ஆளுதான். நேத்து ஒரு குடும்பம், பொருத்தம் பாக்கற எடத்துல உடுக்கை நின்னுபோச்சே, சகுனம் சரியில்லனு எழுந்து போயிட்டாங்க. நல்ல பொண்ணு பாய். ஆனா வர்ற பௌர்ணமிக்குக் கூட்டம் வரும். அதுக்குள்ள சரியாகலைனா அவளை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

கிரிவலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள், வந்த கையோடு பிள்ளைக்கு வரன் பதிந்துவிட்டுப் போவார்கள். சரோஜா அம்மாவுக்குப் பௌர்ணமிதான் அறுவடை. உடனே கிளம்பினேன்.

தேவகிக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு ஒரு இருப்பு உண்டு. முதுகு நேராக இருக்கும். அடிக்க வேண்டியதை அடித்துவிட்டால் கை இரண்டும் மடிக்குப் போய்விடும், மாஸ்டர் அடுத்த பாடம் சொல்லும் வரை அசையாது. அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சரோஜா அம்மா அந்தப் பக்கம் திரும்பியதுமே அவளிடம் கேட்டேன், "இந்த வேலை போனா வேற கிடைக்காதாம்மா?"

"கிடைக்கும் சார். அதுவரைக்கும் எங்கப்பா சும்மா இருக்க மாட்டாரு. வீட்ல உக்காந்தேன்னா அடுத்த முகூர்த்தத்துலயே எவனையாவது புடிச்சுக் கட்டி வெச்சுடுவாரு."

"நல்ல எடமா வந்தா செஞ்சுக்கறதுதானே."

"இந்த ஜில்லாவுல பதிஞ்சிருக்கிற அத்தனை மாப்பிள்ளை விவரத்தையும் நான்தான் சார் டைப் அடிச்சேன்" என்றாள். "எல்லாரையும் பாத்துட்டேன். அதனாலதான் சொல்றேன், எனக்கு வேலை வேணும்."

காபியை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் விவரத்தை அடித்தாள். மௌஸைப் பிடித்துப் பட்டனை அழுத்தினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். உடுக்கை வந்தது. நான் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். உடுக்கை வந்த இடத்திலேயே நின்றது.

மௌஸைக் கழற்றி உருண்டையைத் துடைத்தேன். வேறு மௌஸ் மாற்றினேன். வயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்திரும்மா என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து மௌஸை ஆட்டினேன். சொல்லிவைத்தாற்போல் உடுக்கை மறைந்து மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். மறுபடி அவளை உட்கார வைத்தேன். மறுபடி நின்றது. காத்திருந்த கூட்டத்தில் ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். தேவகி திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். ராசி, கைராசி எல்லாம் நம்பாத எனக்கே அடுத்து எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

சரி, யாரிடம் ஓடுகிறதோ அவரைப் பார்ப்போம் என்று வேலுவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வேலு ஐம்பது தாண்டியவர், முன்பு லாட்ஜில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் விவரத்தை அடித்தார், பட்டனை அழுத்தினார், உடுக்கை வந்தது. உடனே மௌஸை உள்ளங்கையில் அணைத்துக்கொண்டு மேஜை மேல் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தார். நிதானமாக, வலமாக. உதடுகூட முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் உடுக்கை போய்விட்டது.

"இன்னா வேலு இது?"

"உடுக்கை வந்தா வலம் வரணும் பாய். சாமி கையில புடிக்கிற சாமான் ஆச்சே. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்தா எப்படிப் போவும்?"

"இடமா சுத்தினா?"

"ஐயையோ, அதெல்லாம் கூடாது. நின்னுடும்."

நான் அவர் மௌஸை வாங்கி இடமாகச் சுற்றிக் காட்டினேன். அப்போதும் ஓடியது. வேலு மௌஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உங்களுக்குக் கணக்கு வேற பாய்" என்றார்.

தேவகியிடம் வந்து, வேலு சுற்றுவதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "தினம்தான் பாக்கறேன். மௌஸை வெச்சுக்கிட்டுக் கிரிவலம் போறாரு" என்றாள். நீயும் ஒரு சுற்றுச் சுற்றிவிடேன், வேலை போகாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாட்டேன் சார். நான் சுத்தி அது ஓடுச்சுனா இன்னா அர்த்தம்? என் கையில தோஷம் இருந்துச்சு, சுத்தினதும் போயிடுச்சுனு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நோய் மெஷினுக்குனா மெஷினுக்கு வைத்தியம் பண்ணுங்க."

அவள் சொன்னது நியாயம். மறுபடி அவள் மெஷினில் உடுக்கையை வரவைத்து, மௌஸைத் தொடாமல், கீபோர்டில் ஏதோ ஒரு விசையை விட்டு விட்டுத் தட்டிப் பார்த்தேன். ஓடியது. கையை எடுத்தேன். நின்றது. தட்டினேன். ஓடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது சுற்றுகிற விஷயமே இல்லை.

அந்தக் காலத்துப் புரோகிராம்களுக்கு ஒரு மரியாதை உண்டு. நீளமான வேலை பார்க்கும்போது இடையிடையே நிறுத்தி, யாராவது கூப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் வேலையைத் தொடர வேண்டும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர், சாதம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்கு நகர்வார் இல்லையா, அது மாதிரி. ராஜமாணிக்கம் சாரின் புரோகிராம் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் அந்த இலை முன்னாலேயே கரண்டியோடு நின்றது. மௌஸ் அசைந்தால் அது ஒரு பதில். விசை தட்டினால் அதுவும் ஒரு பதில். பதிவு செய்த மாப்பிள்ளைகள் கம்மியாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கூடக்கூட நின்று நின்று போனது. எங்கள் ஊரில் மலையைச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், செங்கம் ரோட்டு ஆசிரமங்களில் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் புரோகிராம் சுற்றுகிறவர்களுக்கு மட்டும்தான் அருள் புரிந்தது.

மெஷினுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அதை எழுதியவரிடம் யார் சொல்வது?

"எங்கிட்ட ஓடுதே" என்றார் ராஜமாணிக்கம் சார். புரோகிராமைப் போட்டு எண்டரைத் தட்டினார். உடுக்கை வந்தது. அவர் விரல்கள் ஷிப்ட்டில் ஆதி தாளம் போட்டன. உடுக்கை போய்விட்டது. "பாத்தியா?"

"சார், விரலை எடுத்துட்டுப் பாருங்க."

எடுத்தார். உடுக்கை நின்றது. "ஆமா, கொஞ்சம் லேட்டாவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் தானாக ஷிப்ட்டுக்குப் போய்விட்டது. ஓடியது. "அவ்ளோதான். பொறுமை வேணும்." மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடி போனது. அவருக்கு அது போவதே தெரியவில்லை. பேசுகிறவரிடம் கண்ணிமைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்ல முடியும்? கடைசியில் அவருக்குக் கோபம் வந்து, "பௌர்ணமிக்கு நானே வர்றேன். அந்த அம்மா முன்னாடியே அந்தப் பொண்ணு மெஷின்ல ஓட்டிக் காட்றேன். ஆபரேட்டர் சரியில்லனா அதுக்கு நான் இன்னா பண்றது" என்றார்.

அவர் வந்து ஓட்டிக்காட்டினால் தேவகியின் கதை அன்றோடு முடிந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டு டீயை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் புத்தி வந்தது. நேராக தேவகியிடம் போனேன்.

"பௌர்ணமி அன்னைக்கு எங்க சார் வந்து உக்காந்ததும் நீதான் காபி குடுக்கணும். டபரா செட்ல. கொதிக்கக் கொதிக்க, ததும்பத் ததும்ப."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காபி எடுத்துட்டுப் போகக் கூடாதுனுதான் சார் இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள். ஆனால் சம்மதித்தாள்.

பௌர்ணமி அன்று நிலையத்தில் நிற்க இடமில்லை. ராஜமாணிக்கம் சார் வெள்ளைச் சட்டையில் வந்து தேவகியின் நாற்காலியில் மாப்பிள்ளை போல உட்கார்ந்தார். சரோஜா அம்மா ஒரு பக்கம், வேலு ஒரு பக்கம், பின்னால் வரன் தேடி வந்த குடும்பங்கள். விவரத்தை அடித்தார். எண்டரைத் தட்டினார். உடுக்கை வந்ததும் தேவகி காபியை நீட்டினாள். பின்னால் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "பொண்ணு லட்சணமா இருக்கா, மாப்பிள்ளைதான் வயசானவர்" என்றாள்.

சார் வாங்கிவிட்டார். காபி என்றால் அவருக்கு மறுப்பே கிடையாது. டம்ளர் சுட்டது. வலது கையில் டம்ளர், இடது கையில் டபரா, ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்ற ஆரம்பித்தார். உடுக்கை நின்றது. அவர் ஆற்றினார். உடுக்கை நின்றது. காபி மேலும் கீழும் போய்வந்தது. திரையில் ஒரு புள்ளி அசையவில்லை. அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மட்டும் டம்ளர் அடியில் துடித்துக்கொண்டிருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தார். விரல் ஷிப்ட்டுக்குப் போனது. உடுக்கை ஓடத் தொடங்கியது. அவர் தன் விரலைப் பார்த்தார். டம்ளரை எடுத்தார். உடுக்கை நின்றது. வைத்தார். தட்டினார். ஓடியது. எடுத்தார். நின்றது. பிறகு காபியை மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ஜாபர், காபியை இவ்ளோ சூடா குடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"ம்" என்றார். அப்புறம் சரோஜா அம்மா பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அம்மா, பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ஒழுங்கா உக்காந்தவளுக்கு ஓடாத மாதிரி நான்தான் எழுதி வெச்சிருக்கேன். மாத்தித் தர்றேன்."

சொன்னபடி மறுநாளே மாற்றிக் கொடுத்தார். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான். தேவகி பட்டனை அழுத்தினாள், கையை மடியில் வைத்தாள், உடுக்கை வந்தது, கொஞ்ச நேரத்தில் தானாகப் போனது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேலு மட்டும், "சுத்தாமயே போவுதே, இது நல்லதுக்கா?" என்று கவலைப்பட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் தேவகி போன் செய்தாள்.

"சார், உங்க ரிப்பேர் ரொம்ப நல்லா வேலை செய்யுது."

"சந்தோஷம்மா."

"சந்தோஷம் இல்ல சார். எங்கப்பா பௌர்ணமிக்கு வர்றாராம். ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கறியே, உன் ஜாதகத்தையும் அதுல போடு, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்னு சொல்லிட்டாரு. போட்டுப் பாத்தேன் சார். ஒரு பக்கம் நிறைய வருது. முதல் ஆளு யாரு தெரியுமா? மண்டிக்காரர் முனிரத்தினத்தோட பெரிய புள்ள."

வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் ஓடும் மௌஸோடு அப்பாவே ஒப்பிட்ட பிள்ளை.

"அந்தப் பழைய புரோகிராம் இன்னும் இருக்கா சார்?"

எத்தனையோ வருஷமாகக் கோளாறை எடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்த கோளாறைத் திரும்ப வைத்துத் தரச் சொன்னது அவள் ஒருத்திதான். இதை என் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. ராஜமாணிக்கம் சாரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினார்.

"பழசைத் தூக்கிப் போடக் கூடாது ஜாபர். எவனுக்காவது வேண்டியிருக்கும். அவ மெஷின்ல மட்டும் போடு. காபி இந்தத் தடவை எனக்கு வேணாம்."

பௌர்ணமி அன்று நானும் அங்கே இருந்தேன், பிரிண்டர் பார்க்க வந்த மாதிரி. தேவகியின் அப்பா ஏழுமலை தோளில் துண்டு, கையில் மஞ்சள் பையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தேவகி தன் விவரத்தைத் தானே அடித்தாள். பட்டனை அழுத்தினாள். இரண்டு கையையும் மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

உடுக்கை வந்தது. நின்றது.

ஏழுமலை பொறுமைசாலி. பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். உடுக்கை அங்கேயே இருந்தது. மகளைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பக்கத்து மேஜையில் வேலுவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "ஏம்மா, லேசா ஒரு சுத்து சுத்தினா போயிடுமே" என்றபடி அவர் கை அவளுடைய மௌஸை நோக்கி நீண்டது.

"வேலு" என்றார் சரோஜா அம்மா, தலையைத் தூக்காமல். "கையை எடு."

வேலு எடுத்துவிட்டார். நான் சரோஜா அம்மாவைப் பார்த்தேன். அவர் ரொம்ப அக்கறையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னாம்மா, உடுக்கை மாதிரி?" என்றார் ஏழுமலை.

"உடுக்கைதான்பா."

"உன்னுதுக்கு மட்டும் நிக்குது?"

"நிக்குதுப்பா."

அவர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து, அந்த உடுக்கையைப் பார்த்துக் கும்பிட்டார். "அவரே கையில புடிச்சு நிறுத்தி வெச்சிருக்காரு. நான் யாரு அவசரப்பட? அவ வேலை பாக்கட்டும்மா. எப்ப ஆட்டணும்னு அவருக்குத் தெரியும்" என்று சரோஜா அம்மாவிடம் சொல்லிவிட்டு, மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டார்.

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு சந்து முனை திரும்புகிற வரைக்கும் தேவகி மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, கையில் எனக்குக் காபி இருந்தது. இந்த முறை டபரா இல்லை. ஒரே கையால் பிடித்துக் குடிக்கிற சூட்டில் ஆற்றியே கொண்டுவந்திருந்தாள்.